மயிலாப்பூர் டு மாமல்லபுரம், வழி: கால்வாய்

போன மாசம் எங்க வீட்டுக்கு ஒரு ஆம்ஸ்டர்டாம்காரன் வந்திருந்தான். வெள்ளைக்காரன் இல்லீங்க, நம்ம பையன்தான். அப்பாவோட அத்தைக்குப் பேரன். கணக்குப் போட்டுப் பார்த்தா எனக்கு மச்சான் முறை. வந்தவன் சும்மா இல்லாம செல்போனைத் தள்ளித் தள்ளி படம் காட்டிக்கிட்டே இருந்தான். எல்லாம் கால்வாய்ப் படகு. கண்ணாடிக் கூரை போட்ட படகுல போறதா, திறந்த படகுல போறதா, பகல்ல போனா நல்லதா, ராத்திரி விளக்கு வெளிச்சத்துல போனா நல்லதா, எவ்வளவு நாள் முன்னாடி டிக்கெட் எடுக்கணும், குளிருக்கு என்ன போட்டுக்கணும்னு ஒரு மணி நேரம் லெக்சர். கடைசில ஒரு கேள்வி கேட்டான் பாருங்க. "நம்ம ஊர்ல மட்டும் ஏன் மாமா இந்த மாதிரி ஒண்ணும் இல்ல?"

பேப்பர் படிச்சிக்கிட்டிருந்த அப்பா கண்ணாடியைக் கழட்டினாரு. அவருக்கு 78 வயசு. "யார் சொன்னா இல்லேன்னு? நான் ஆறு வயசுலயே போயிருக்கேன். தண்ணித்துறைல படகு ஏறி மகாபலிபுரம் போனோம். உங்க பாட்டியும்தான் வந்தா. அந்தப் படகு போகலேன்னா நீயே கிடையாது, தெரியுமா?"

எனக்கே இது புதுச் செய்தி. இத்தனை வருஷமா ஒரே வீட்ல இருக்கோம், ஒரு வார்த்தை சொன்னதில்ல. அன்னிக்கு ராத்திரி அவர் சொன்னதையும், அதுக்கப்புறம் ரெண்டு மூணு வாரம் ஆபீஸ் ஆணிக்கு நடுவுல நான் படிச்சு, அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்துதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு வெச்சுக்கிட்டு உக்காருங்க.

பறக்கும் ரயில்ல திருமயிலை ஸ்டேஷன்ல இறங்கறவங்களுக்குக் கீழே ஓடற அந்தக் கருப்புத் தண்ணி தெரிஞ்சிருக்கும். ஓடறதுன்னு சொல்றது மரியாதைக்கு. அதுதான் பக்கிங்காம் கால்வாய். பக்கத்துலயே தண்ணித்துறை மார்க்கெட். காய்கறி மார்க்கெட்டுக்கு எதுக்கு இந்தப் பேருன்னு யோசிச்சிருக்கீங்களா? நான் யோசிச்சதே இல்ல. படகு வந்து சரக்கு இறங்கின துறை அது, அதான் அந்தப் பேருன்னு மயிலாப்பூர் பெரிசுங்க சொல்வாங்க. அதே மாதிரி வட சென்னைல பேசின் பிரிட்ஜ். பேசின்னா அங்கே படகுங்க நிக்கற குளம். அந்தப் பக்கத்துலயே சால்ட் கோட்டர்ஸ்னு ஒரு ரயில்வே கூட்ஸ் ஷெட். கோட்டர்ஸ்னா ரயில்வே குவார்ட்டர்ஸ்னு நான் நெனச்சிக்கிட்டிருந்தேன். இல்லையாம், அது நம்ம உப்புக் கொட்டாரம். கொட்டாரம் வெள்ளைக்காரன் வாயில போய் கோட்டர்ஸ் ஆயிடுச்சு. ஊரே படகுக்காரங்க வெச்ச பேர்லதான் நிக்குது, படகைத்தான் காணோம்.

அப்பா போன பயணம் 1953ல. கோயிலுக்குப் போறதுதான் முதல் காரியம், ஊர் சுத்திப் பாக்கறது கொசுறு. அவரோட அத்தைக்கு வரன் தகையாம தள்ளிக்கிட்டே போச்சாம். திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாளுக்கு மாலை சாத்திட்டு வந்தா நடக்கும்னு யாரோ சொல்ல, எங்க கொள்ளுத்தாத்தா, அதாவது அப்பாவோட தாத்தா, ஒரு படகுக்காரரோட பேசி முடிச்சாரு. திருவிடந்தை முடிச்சு அப்படியே மாமல்லபுரமும் பார்த்துட்டு வரதுன்னு திட்டம். பஸ்ஸு இல்லையான்னு கேட்டேன். இன்னிக்கு இருக்கற ஈசிஆர் அப்ப ஏது? மாமல்லபுரம் போகணும்னா செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம்னு சுத்திக்கிட்டுப் போகணும். குழந்தை குட்டி, பாத்திரம் பண்டத்தோட போற குடும்பத்துக்குப் படகே தேவலைன்னு தாத்தா கணக்கு.

இந்த "எந்தப் படகு, எந்த நாள்" விஷயத்துல அப்பா சொன்னதைக் கேட்டா ஆம்ஸ்டர்டாம் லெக்சர் எல்லாம் ஜுஜுபி.

முதல்ல நிலா. பயணம் ராத்திரிப் பயணம். சாயங்காலம் ஏறினா விடிஞ்சு இறங்கலாம், வெயில் படாது. அதனால பௌர்ணமிக்கு முன்னாடி ரெண்டு நாள், பின்னாடி ரெண்டு நாள், அதுக்குள்ள போயிடணும். வெளிச்சத்துக்குன்னுதான் நானும் நெனச்சேன். ஆனா யோசிச்சுப் பார்த்தா இன்னொரு காரணமும் இருக்கு. இது கடலோட சேர்ந்த கால்வாய். கரையை ஒட்டி, கடல்லேர்ந்து பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு கிலோமீட்டருக்குள்ளயே, கழிமுகத்துக்குக் கழிமுகம் தாவித் தாவிப் போகுது. எண்ணூர், கூவம், அடையாறு, கோவளம்னு எங்கெல்லாம் முகத்துவாரம் திறந்திருக்கோ அங்கெல்லாம் கடல் உள்ள வந்து போகும். பௌர்ணமி, அமாவாசையில நீரேற்றம் அதிகம். மணல் தட்டற ஆழமில்லாத இடத்துல அந்த ஒரு சாண் தண்ணி கூடுதலா இருந்தா படகுக்காரனுக்கு லாபம்தானே?

அடுத்தது காத்து. அந்தப் படகுக்கு மூணு வண்டி. காத்து சாதகமா இருந்தா பாய். இல்லாட்டி மூங்கில் கழியால ஊன்றித் தள்ளறது. அதுவும் சரிப்படலேன்னா கரைமேல ஆள் இறங்கி, கயித்தைத் தோள்ல போட்டு இழுத்துக்கிட்டு நடக்கறது. தெற்கே போறவனுக்கு வாடைக்காத்துதான் தோழன். அதனால ஐப்பசி கார்த்திகை மழையெல்லாம் ஓய்ஞ்சு, தை மாசி பக்கம் போறதுதான் புத்திசாலித்தனம். சித்திரை வைகாசியில தென்றல் எதிர்ல அடிக்கும், வழி பூரா கயிறுதான். எங்க ஆளுங்க போனது மாசி மாசம்.

அப்புறம் படகு. அட்டவணை, கவுன்ட்டர் எல்லாம் கிடையாது. விறகு, சவுக்குக்கட்டை, உப்பு, சுண்ணாம்புக் காளவாய்க்குக் கிளிஞ்சல்னு ஏத்திக்கிட்டு வந்த படகு சரக்கை இறக்கிட்டுக் காலியாத் திரும்பும்போது பேசிப் பிடிக்கணும். இதுல தாத்தா ரொம்ப உஷாராம். கிளிஞ்சல் படகு கூடவே கூடாது, நாத்தம் போகாது. உப்புப் படகுன்னா ஈரம் ஊறும், ஜமக்காளம் வீணாகும். விறகு ஏத்தின படகா பார்த்துப் பிடிச்சு, கழுவச் சொல்லி, அடியில வைக்கோல் பரப்பி, அதுக்கு மேல பாய் விரிச்சு, நடுவுல பொம்பளைங்களுக்கு ஒரு புடவையைத் திரையாக் கட்டினாராம்.

சாப்பாட்டுக்குக் கட்டுசாதம். ராத்திரிக்குப் புளியோதரை, காலைக்கு எண்ணெய் தடவின மிளகாய்ப்பொடி இட்லி. தயிர்சாதத்துல பாலை ஊத்திப் பிசைஞ்சு எடுத்துக்கிட்டா காலைல திறக்கும்போது சரியா உறைஞ்சிருக்கும். இதெல்லாம் நம்ம வீடுகள்ல இன்னிக்கும் தெரிஞ்ச வித்தைதான். முக்கியமான சமாச்சாரம் தண்ணி. ராத்திரி பூரா தண்ணி மேலயே போறோம், ஆனா ஒரு வாய் குடிக்க முடியாது, அத்தனையும் உப்பு. ரெண்டு பித்தளைக் குடம் நிறைய நல்ல தண்ணி, வாயில துணி கட்டி, கவிழாம இருக்க மணல்ல புதைச்சு வெச்சாங்களாம். அந்தக் குடத்தைப் பத்தி இன்னொரு விஷயம் இருக்கு. கடைசில சொல்றேன்.

இது எங்க வீட்டுத் தாத்தா கண்டுபிடிச்ச வழி ஒண்ணும் இல்ல. அதுக்கு எழுபது எண்பது வருஷம் முன்னாடியிருந்தே வெள்ளைக்காரங்களுக்கு இதுதான் வழி. அந்தக் காலத்து ஆங்கிலப் பயணக் கையேடுகள்ல 'ஏழு பகோடா' பாக்கப் போறவங்களுக்குச் சொல்ற யோசனையும் ஏறக்குறைய இதேதான். சாயங்காலம் கால்வாயில படகு ஏறு, படகுலயே படுத்துத் தூங்கு, காலைல எழுந்தா மாமல்லபுரம். அவங்களுக்கு அறை வெச்ச படகு, கூட சமையல்காரன்னு வசதி உண்டு. மத்தபடி அதே நிலா, அதே கொசு.

தமிழ் தெரிஞ்சவங்க மறக்கக்கூடாத ஒரு படகுப் பயணமும் இதே தடத்துலதான் நடந்தது. 1934ல ஒரு முழுநிலா ராத்திரி. படகுல யார் யாருன்னு பாருங்க: பாரதிதாசன், ஜீவா, குத்தூசி குருசாமி, குஞ்சிதம் அம்மையார், மயிலை சீனி. வேங்கடசாமி. இப்படி ஒரு படகு வாய்ச்சா நான் துடுப்பு போடவே போயிருப்பேன். கவிஞர், பொதுவுடைமைக்காரர், சுயமரியாதைக்காரர், ஆராய்ச்சியாளர்னு ஒரே பாய்ல உக்காந்து மாமல்லபுரம் போயிருக்காங்க. அந்தப் பயணத்துலேர்ந்து வந்ததுதான் 'மாவலிபுரச் செலவு' பாட்டு. செலவுன்னா பழைய தமிழ்ல பயணம். நான் காலேஜ்ல இதைப் படிச்சப்போ ஏதோ பட்ஜெட் சமாச்சாரம்னு நெனச்சது தனிக்கதை :-)

சரி, இந்தக் கால்வாயை வெட்டினது யாரு?

ஆரம்பிச்சது பேசில் காக்ரேன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர். கடற்படைக்குச் சாப்பாட்டுச் சரக்கு சப்ளை பண்ற காண்ட்ராக்டர், அதுல செம காசு பார்த்தவர். 1801ல ஆரம்பிச்சு 1806க்குள்ள சென்னையிலேர்ந்து எண்ணூர் வரைக்கும் 11 மைல் முடிஞ்சது. அப்ப அதுக்குப் பேரே காக்ரேன் கால்வாய்தான். ஒரு கொசுறுத் தகவல்: இவர் சம்பாதிச்சதை எடுத்துக்கிட்டு லண்டன் போய், வீட்லயே ஆவிக்குளியல் நிலையம் ஒண்ணு வெச்சாரு. அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்தான் பாட்னாவுல பொறந்த சேக் தீன் முகமது. இங்கிலீஷ்ல புஸ்தகம் எழுதி வெளியிட்ட முதல் இந்தியர், லண்டன்ல முதல்ல இந்தியச் சாப்பாட்டுக் கடை திறந்தவர். தலைக்கு மசாஜ் பண்றதை, நம்ம ஊர் 'சம்பி'யை, அங்கே பிரபலப்படுத்தினதும் அவர்தான். அதுதான் ஷாம்பு. நம்ம சாக்கடைக்கும் நம்ம பாத்ரூம் பாட்டிலுக்கும் இப்படி ஒரு சொந்தம்.

அப்புறம் அரசாங்கம் எடுத்துக்கிட்டு ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டே போனாங்க. வடக்கே பழவேற்காடு ஏரி தாண்டி, கிருஷ்ணா ஆத்துப் பக்கம் பெத்த கஞ்சாம் வரை 315 கிலோமீட்டர். தெற்கே மரக்காணம் வரை 103 கிலோமீட்டர். இன்னிக்கு ராக்கெட் விடற ஸ்ரீஹரிகோட்டா இருக்கே, அந்தக் காட்டு விறகு இந்த வழியாத்தான் வந்து சென்னை அடுப்புகள்ல எரிஞ்சது. வடக்கே ஒரு துண்டு, தெற்கே ஒரு துண்டு, ரெண்டும் ஆச்சு. ஆனா நடுவுல, ஊருக்குள்ள, கூவத்துக்கும் அடையாத்துக்கும் இடையில ஒரு 8 கிலோமீட்டர் மட்டும் இணைப்பு இல்ல. வடக்குப் படகு தெற்கே வர முடியாது, தெற்குப் படகு வடக்கே போக முடியாது.

அந்த 8 கிலோமீட்டர் எப்ப வெட்டினாங்கன்னு படிச்சப்போதான் எனக்கு டீ இறங்கல.

1877-78. தாது வருஷப் பஞ்சம்.

1876ல மழை பொய்ச்சது. அடுத்த வருஷமும் சரியில்ல. 1876லேர்ந்து 78 வரைக்குமான அந்தப் பஞ்சத்துல செத்தவங்க 50 லட்சத்துக்கு மேல. கிராமத்து ஜனங்க பட்டணத்துல கஞ்சி கிடைக்கும்னு நடந்தே வந்தாங்க. சென்னைக் கடற்கரையில வெளியூர்லேர்ந்து கப்பல்ல வந்த அரிசி மூட்டை மலையா அடுக்கியிருக்கு, சுத்தி போலீஸ் காவல். மூட்டையிலேர்ந்து மணல்ல சிந்தின அரிசியைப் பொறுக்கறதுக்கு ஜனம். ஹூப்பர்னு ஒரு ராணுவ அதிகாரி அப்ப எடுத்த போட்டோக்கள் இன்னிக்கும் கிடைக்குது. தேடிப் பார்க்கணும்னா சாப்பிடறதுக்கு முன்னாடி பார்க்காதீங்க. பின்னாடியும் பார்க்காதீங்க. அதே நேரத்துல, 1877 ஜனவரி 1ஆம் தேதி, விக்டோரியா ராணியை இந்தியாவோட சக்ரவர்த்தினின்னு அறிவிக்க டெல்லியில லிட்டன் பிரபு தர்பார் நடத்திக்கிட்டிருந்தார்.

சும்மா கஞ்சி ஊத்தினா ஜனங்க சோம்பேறி ஆயிடுவாங்கன்னு அரசாங்கத்துக்குக் கவலை. அதனால வேலை செஞ்சாத்தான் கூலி. இங்கே சர் ரிச்சர்ட் டெம்பிள்னு ஒருத்தரை அனுப்பினாங்க, செலவைக் குறைக்க. அவர் 1877 ஜனவரியில நிர்ணயம் பண்ணினது ஒரு ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். பொம்பளைக்கும் குழந்தைக்கும் அதைவிடக் கம்மி. ஒரு பவுண்டுன்னா 450 கிராம் சொச்சம். நாள் பூரா மண் வெட்டற ஆளுக்கு. இதுல உயிர் தரிக்காது, ஒன்றரை பவுண்டாவது வேணும், கூடவே பருப்பு காய்கறி வேணும்னு சென்னை மாகாணத்து சுகாதார அதிகாரியா இருந்த டாக்டர் கார்னிஷ் சண்டை போட்டார். அவரும் வெள்ளைக்காரர்தான், அதையும் சொல்லணும்ல. போராடினதுக்கு அப்புறம்தான் அளவு கொஞ்சம் ஏறிச்சு.

அந்தப் பஞ்ச நிவாரண வேலைகள்ல ஒண்ணுதான் கூவத்தையும் அடையாறையும் சேர்த்த இந்த 8 கிலோமீட்டர். வேலை முடிஞ்சதும் 1878ல மொத்தக் கால்வாய்க்கும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகன் பேரை வெச்சாங்க. வெட்டினவங்க பேர் ஒண்ணுகூட எங்கேயும் இல்ல. எந்த ஊர்லேர்ந்து வந்தாங்க, எத்தனை பேர் திரும்பிப் போனாங்க, யாருக்குத் தெரியும்? ஒரு சின்னக் கல்லாவது நட்டு வெச்சிருக்கான்னு சேப்பாக்கத்துலேர்ந்து அடையாறு வரைக்கும் ரெண்டு ஞாயித்துக்கிழமை கரையோரமா நடந்து பார்த்தேன். மூக்குல கர்சீப் கட்டிக்கிட்டுதான். என் கண்ணுல ஒண்ணும் படல.

சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், மயிலை, மந்தைவெளி. இந்த ரூட்டை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? பறக்கும் ரயில் ரூட்டேதான். 1995ல சேப்பாக்கம் வரை, 1997ல மயிலை வரை, 2007ல வேளச்சேரி வரைன்னு வந்தது. தூண்களை எங்கே நட்டாங்கன்னு நமக்கெல்லாம் தெரியும். நிலம் வாங்க வேணாம், வீடு இடிக்க வேணாம், கால்வாய் இருக்கு, யார் கேக்கப் போறா? தாது வருஷத்து ஜனங்க 450 கிராம் தானியத்துக்கு வெட்டின அதே பள்ளத்துல கான்கிரீட் தூண் இறங்கிச்சு. நானே அந்த ரயில்ல பதினஞ்சு வருஷம் ஆபீஸ் போனவன், அதனால ரொம்ப நியாயம் பேசவும் எனக்கு வாய் இல்ல.

ஆனா ரயில் வரதுக்கு ரொம்ப முன்னாடியே படகு நின்னாச்சு. லாரி வந்தது, ரோடு வந்தது. 1965-66 புயல்கள்ல கரை உடைஞ்சு மணல் மூடினதைச் சரியா எடுக்கல, 1976 புயல்ல இன்னும் மோசம். படகுப் போக்குவரத்து இல்லாத கால்வாயை ஊர் எப்படிப் பாக்கும்? சாக்கடையாத்தான். இத்தனைக்கும் அது நன்றி மறக்கல. 2004 சுனாமி அன்னிக்குக் கரையோரத்துல பல இடங்கள்ல அலைத் தண்ணியை வாங்கிக்கிட்டது இந்தக் கால்வாய்தான். 2008ல காக்கிநாடா முதல் புதுச்சேரி வரைக்கும் தேசிய நீர்வழி 4ன்னு சட்டமே போட்டாங்க. மயிலாப்பூருக்கு ஒரு தோணியும் வரல. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்துல மணலிப் பக்கம் கொட்டின எண்ணெய் இதே கால்வாய் வழியாத்தான் எண்ணூர்க் கழிமுகத்துல போய்ப் படிஞ்சு, மீனவங்க வலையும் படகும் தாரு பூசின மாதிரி ஆச்சு.

நிற்க. அப்பாவுக்கு ஆசை வந்துடுச்சு. "ஒரு தடவை போய்ட்டு வந்துடலாமாடா?"ன்னார். 78 வயசுக்காரர் கேக்கும்போது முடியாதுன்னு எப்படிச் சொல்றது? ஒரு தனிப்படகு எடுத்து, கோவளத்துலேர்ந்து மாமல்லபுரம் வரைக்குமாவது போக முடியுமான்னு விசாரிக்க ஆரம்பிச்சேன். ஒரு அலுவலகத்துல அந்தக் கால்வாய் எங்க கையில இல்லன்னாங்க. அவங்க கை காட்டின இன்னொரு அலுவலகத்துல, "எதுக்கு சார் அதுல போறீங்க, ஈசிஆர்ல ஒரு மணி நேரம்தான்"னு அக்கறையா சொன்னார் ஒருத்தர். அவர் தப்பில்ல.

கடைசில முட்டுக்காடு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984லேர்ந்து நடத்தற படகுத்துறை. நாமெல்லாம் ஸ்கூல் டூர்ல போனதுதானே. கோவளம் கழிமுகமும் பக்கிங்காம் கால்வாயும் சேர்ற இடம் அதுதான்னு இப்பத்தான் எனக்கு உறைச்சது. அப்பா வந்த தண்ணித்தடம் அதே தடம்தான். ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுக் கிளம்பினோம். தயாரிப்பைப் பார்க்கணுமே! அம்மா புளியோதரை கட்டினாங்க. அரை மணி நேரப் படகுக்கு எதுக்கும்மான்னா, "அவர் சொல்றாரு, கட்டறேன்". அப்பா பஞ்சாங்கம் பார்த்தாரு, திரயோதசி, பரவால்லன்னாரு. வெயில்ல நிலா எதுக்குப்பான்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்தது. கேக்கல. ஒரு பாட்டில் போதாதுன்னு நாலு பாட்டில் தண்ணி.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு மோட்டார் படகுல உக்காந்தோம். காத்து நல்லா இருந்தது. தெற்கே கேளம்பாக்கம் உப்பளம் இருக்கற பக்கம் கையைக் காட்டி, "அங்கதான் விடிஞ்சுது"ன்னார் அப்பா. அப்புறம்தான் அந்தக் குடம் கதை.

மயிலாப்பூர்லேர்ந்து பாய் விரிச்சுதான் போயிருக்காங்க. திருவான்மியூர் தாண்டினதும் காத்து விழுந்துடுச்சு. அப்பறம் கயிறு. ஒரே ஒரு ஆள், தோள்ல கோணியை மடிச்சுப் போட்டு, அது மேல கயிறு, முன்னால சாஞ்சு சாஞ்சு நடக்கறாரு. மணிக்கு நாலு கிலோமீட்டர் போனாலே அதிகம். அந்தக் கணக்குக்கு ராத்திரி பூரா நடந்திருப்பாரு. அப்பாவுக்கு அது விளையாட்டாத் தெரிஞ்சிருக்கு. நானும் இழுக்கறேன்னு அடம் பிடிச்சு, கரை தட்டின ஒரு இடத்துல இறங்கிக் கயித்தைப் பிடிச்சாராம். அந்த ஆள் சிரிச்சிக்கிட்டே விட்டாராம். அவர் தோளைத் தொட்டுப் பார்த்தா மாட்டுக் கழுத்து மாதிரி காய்ச்சு இருந்துதாம்.

அந்த ஆள் குடிக்கத் தண்ணி கேட்டிருக்காரு. தாத்தா கொடுக்கல. "குடத்துல கை வெச்சா நம்ம எப்படிக் குடிக்கறது, காலைல வழியில எங்கேயாவது கிணறு வரும்"னாராம். ஒரு நாழி கழிச்சு, தாத்தா தூங்கினதுக்கு அப்புறம், அத்தை எழுந்து, சத்தம் போடாம குடத்துத் துணியை அவுத்து, சொம்புல மொண்டு, கரையோரமா படகு ஒட்டினப்போ அவர் ரெண்டு கையையும் குவிக்க, மேலேர்ந்து தூக்கி ஊத்தினாங்களாம். "மூணு சொம்பு குடிச்சாருடா. எண்ணிக்கிட்டே படுத்திருந்தேன். தாத்தாகிட்ட சொல்லிடாதேன்னு அத்தை எனக்கு வெல்லக்கட்டி குடுத்தா. நான் யார்கிட்டயும் சொல்லல."

எழுபது வருஷத்துக்கு மேல சொல்லலன்னா பாருங்க.

அத்தைக்கு அடுத்த தையில கல்யாணம் ஆச்சு. பெருமாள் கணக்கா, வேற கணக்கான்னு எனக்குத் தெரியாது. அந்தக் குடும்பத்துப் பேரன்தான் ஆம்ஸ்டர்டாம்ல கண்ணாடிக் கூரைப் படகுல போட்டோ எடுத்துக்கிட்டிருக்கான்.

படகு திரும்பற நேரம். அப்பா படகுக்காரத் தம்பிகிட்ட வடக்கே கையைக் காட்டிக் கேட்டாரு. "இப்படியே போனா மயிலாப்பூர் போயிடலாம் இல்ல?"

"வழி இருக்கு சார். ஆனா சோழிங்கநல்லூர் தாண்டறதுக்குள்ள ஆகாயத்தாமரை மோட்டார்ல சுத்திக்கும். அப்புறம் கயிறு கட்டித்தான் இழுக்கணும்."

அப்பா ஒண்ணும் சொல்லல. இறங்கினதும் கார் நிக்கற இடத்துல, புளிய மரத்தடியில துண்டை விரிச்சு மூணு பேரும் புளியோதரை சாப்பிட்டோம். நாலு பாட்டில் தண்ணியும் தீந்து போச்சு.

பி.கு. 1: முட்டுக்காடு போறவங்க வார நாள்ல, காலைல போங்க. சனி ஞாயிறு வரிசை தாங்காது. வயசானவங்களைக் கூட்டிப் போனா மிதிபடகு வேணாம், முட்டி போயிடும். தொப்பி அவசியம்.

பி.கு. 2: உங்க வீட்ல, பக்கத்து வீட்ல யாராவது பெரியவங்க இந்தக் கால்வாயில படகுல போயிருந்தா கேட்டு எழுதுங்க. முக்கியமா படகு ஓட்டின, கயிறு இழுத்த குடும்பங்கள்லேர்ந்து யாராவது இருந்தா. எங்க கிட்ட இருக்கறது உக்காந்து போனவங்க கதை மட்டும்தான்.